பால் கணக்கு நோட்டில் கதைக் கணக்கு!

"கதை படிச்சு என்னத்தைக் கண்டே?" என்று என் கணவர் கேட்டால் விழிப்பேன். படித்த நாவலையே மறந்துபோய், நூலகத்திலிருந்து மறுபடி எடுத்து வந்ததும் உண்டு! அதனால், பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், அந்தந்த வாரம் படித்ததைப் பற்றி ஞாயிறுதோறும் நாலு வரி எழுத ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் கழித்துப் புரட்டினால், எல்லாமே குடும்பக் கதை! பிறகு சரித்திரம், துப்பறியும் கதை, சிறுகதை என மாற்றி மாற்றிப் படித்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் படும் பாட்டைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன்.

மறுநாள் சாப்பிடும்போது, "அந்த உப்பளத்துப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?" என்று கேட்டாரே என்னவர்! நோட்டை எடுத்துப் படித்திருக்கிறார்! நீங்களும் எழுதி வையுங்களேன், தோழியரே!

- ஒரு வாசகி, அம்பத்தூர்.