2 நிமிடம் 'பவர் போஸ்' கொடுத்தால் தைரியம் வருமா? 0.05 சொன்னதும் சொல்லாததும்

இன்டர்வியூவுக்கு முன்னால் இடுப்பில் கையை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி 2 நிமிடம் நின்றால் தைரியம் வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 'பவர் போஸ்' என்கிற இந்த டிப்ஸுக்கு ஆதாரம், 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் உளவியல் ஆய்வு. பங்கேற்றவர்கள் வெறும் 42 பேர். டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது, மன அழுத்த ஹார்மோன் குறைகிறது என்றது ஆய்வு.

2015-ல் வேறொரு குழு 200 பேரிடம் சோதித்தபோது ஹார்மோனில் மாற்றமே தெரியவில்லை. தெம்பாக உணர்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வருடம், முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே அந்த விளைவைத் தான் நம்பவில்லை என்று அறிவித்துவிட்டார். சிலரைச் சோதிப்பது, ரிசல்ட்டைப் பார்ப்பது, பிறகு இன்னும் சிலரைச் சேர்ப்பது என்றுதான் ஆய்வு நடந்தது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

இதில் மோசடி எதுவும் இல்லை. அன்றைக்குப் பலரும் அப்படித்தான் செய்தார்கள். காரணம், 'பி-வேல்யூ' என்கிற எண். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ தற்செயலாகக் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். 0.05-க்குக் கீழே வந்தால் பாஸ். இடையிடையே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒன்றுமே இல்லாத இடத்தில்கூட என்றாவது ஒருநாள் பாஸ் ஆகிவிடும்.

சரி, மாற்று என்ன? 2015-ல் ஒரு சமூக உளவியல் இதழ் பி-வேல்யூவையே தடை செய்தது. ஆனால், தடைக்குப் பிந்தைய கட்டுரைகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், சிலர் தரவு தாங்குவதற்கு மேலேயே முடிவு சொல்லியிருப்பதைக் கண்டார்கள். கோட்டை அழித்தால் மட்டும் போதாது.

ஓர் உதாரணம். 20 மாணவர்களில் பாதிப் பேருக்குப் புதிய பயிற்சி கொடுத்ததில் அவர்களுக்குச் சராசரியாக 8 மார்க் கூடியது, பி-வேல்யூ 0.08. பழைய கணக்கில் ஃபெயில். ஆனால் 'நம்பக இடைவெளி'யைப் போட்டால், உண்மையான வித்தியாசம் மைனஸ் 1 முதல் 17 மார்க் வரை எங்கும் இருக்கலாம் என்று வரும். பயிற்சி வேஸ்ட் என்று அதற்கு அர்த்தமில்லை. இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். 1 லட்சம் பேரிடம் வெறும் 0.2 மார்க் கூடினால்கூட 0.05-ஐத் தாண்டிவிடலாம். அந்த 0.2-க்காக யார் பயிற்சிக்குக் காசு கட்டுவார்கள்?

இன்னொரு வழி, எத்தனை பேர், எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது. நடுவில் சத்தமில்லாமல் மாற்ற முடியாது.

பவர் போஸையே இப்படிப் பதிவு செய்து மறுபடி சோதித்த ஆய்வுகள் 2017-ல் ஓர் உளவியல் இதழில் சிறப்பிதழாக வந்தன. அதன் ஆசிரியர்களில் ஒருவர் கார்னி. அந்த முடிவுகளை ஒன்றுசேர்த்து, 'விளைவு உண்டு', 'இல்லை' ஆகிய இரண்டில் எதற்குத் தரவு எத்தனை மடங்கு சாதகம் என்று காட்டும் பேய்ஸ் முறையில் கணக்கிட்டார்கள். தெம்பாக உணர்வது உண்மை, ஆனால் சின்ன விளைவு. அதுவும், பவர் போஸ் பற்றி ஏற்கெனவே கேள்விப்படாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆதாரம் இன்னும் பலவீனமாகிவிடுகிறது.