கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: பெரிய கூடத்திற்குப் பழைய ஒலிப்பெட்டி தேரும் முறை

மொழி முதலில் செவிக்கு உரியது. பின்னரே அது கண்ணுக்கு வந்தது. எழுத்துகளின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகும் என்று பிறப்பியலில் விளக்குகிறார். இத்துணை நுட்பமாகப் பிறக்கும் ஒலி, கேட்போர் செவியைச் சென்றடையும் வழியில் சிதைந்துவிடுமாயின், அந்நுட்பத்தால் விளையும் பயன் யாது? இவ்வினாவை நம் துறையின்முன் வைத்தவர் ஒரு மாணவர்.

மறைந்த நம் ஆசிரியப் பெருந்தகை ஒருவரின் சொற்பொழிவு ஒலிநாடாவில் பதிவாகி நம்மிடம் இருந்தது. அதனை ஒரு பிற்பகலில் துறைக் கூடத்தில் ஒலிக்கச் செய்தோம். முன் வரிசையினர் காதைப் பொத்திக்கொண்டனர். பின் வரிசையினர் காதைத் தீட்டிக்கொண்டனர். மறுநாள் குறிப்பேடுகளைப் பார்வையிட்டபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், 'அவன் வாழாதிருந்தான்' என்று எழுதியிருக்கக் கண்டோம். ஆசிரியர் கூறியதோ 'வாளாதிருந்தான்' என்பது. பேசாமல் இருந்தவன், அம்மாணவரின் ஏட்டில் வாழாமலே போய்விட்டான். அழைத்து வினவியபோது, "எனக்கு அப்படித்தான் கேட்டது, ஐயா" என்றார். அவர் கூறியது உண்மையே. பிழை அவர் செவியில் இல்லை. நம் ஒலிப்பெட்டியிலும் கூடத்திலும் இருந்தது.

துறையால் ஒதுக்க இயன்ற தொகை 15,000 ரூபாய். நம் கூடத்திற்கு ஏற்ற புதிய இணை அத்தொகைக்குள் அமையவில்லை. எனவே பிறர் பயன்படுத்திய பழைய ஸ்பீக்கர்களை நாடினோம். அம்முயற்சியில் பட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்து உரைக்கின்றோம். நூலகம், மன்றம், பெரிய வீட்டின் முன்கூடம் என எவ்விடத்திற்கும் இவை பொருந்தும்.

வாட் என்னும் மயக்கம்

1980களிலும் 1990களிலும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் சபர் சென்ற நம்மவர், ஊர் திரும்புகையில் ஸ்டீரியோப் பெட்டிகளைச் சுமந்து வந்தனர். அவற்றுள் பல இன்றும் பரணில் உறங்குகின்றன. சில சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களுக்கு விலைக்கு வருகின்றன. அவற்றின் முகப்பில் 1000 வாட், 3000 வாட் என்று பொறித்திருக்கும். அருகே சிறிய எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்றிருப்பதைப் பலரும் நோக்குவதில்லை. அது கண நேர உச்சத்தைக் கருதி விற்பனைக்காகச் சொல்லப்பட்ட எண். அனைவரும் ஏற்ற பொது அளவுமுறை அதற்கு இல்லை. தொடர்ந்து தாங்கும் ஆற்றலைக் குறிப்பது 'ஆர்.எம்.எஸ்.' என்னும் அளவே. ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. பொறித்த பெட்டி, உண்மையில் சில பத்து வாட்டுகளையே தாங்குவதாக இருக்கலாம்.

அன்றியும், வாட் என்பது பெட்டி தாங்கும் ஆற்றலைச் சொல்லுமேயன்றி, அது எழுப்பும் ஒலியைச் சொல்லாது. ஒருவர் எவ்வளவு உண்பார் என்பதைக் கொண்டு அவர் எவ்வளவு உழைப்பார் என்று கணிக்க இயலாது அன்றோ?

நோக்கவேண்டிய எண்

பெரிய கூடத்திற்குப் பெட்டி தேர்வோர் முதற்கண் நோக்கவேண்டியது 'சென்சிடிவிட்டி' எனப்படும் உணர்திறன் ஆகும். 1 வாட் மின்னாற்றலைக் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழுகின்றது என்று அளப்பதே இது. இவ்வெண் 3 டெசிபல் குறைந்தால், அதே ஒலிக்கு இருமடங்கு மின்னாற்றல் வேண்டும். 6 டெசிபல் குறைந்தால் நான்கு மடங்கு வேண்டும். 90 டெசிபல் பெட்டி 20 வாட்டில் எழுப்பும் ஒலியை, 84 டெசிபல் பெட்டி எழுப்ப 80 வாட் தேவை. அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயருக்கும் பணம் வேண்டுமே!

தொலைவும் இங்குக் கருதத்தக்கது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். 1 மீட்டரிலிருந்து 8 மீட்டர் செல்வதற்குள் 18 டெசிபல் போய்விடும். கூடத்துள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இவ்வளவு இராது. ஆயினும் கடைசி வரிசைக்குச் செல்வதில் நேரே வந்த ஒலி குறைந்தும், சுவரில் மோதித் திரும்பிய ஒலி மிகுந்தும் இருக்கும்.

புகழ் வேறு, பொருத்தம் வேறு என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1970களில் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி. உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு பெட்டி, குரலைத் தெளிவாகத் தருவதில் உலகப் புகழ் பெற்றது. ஒலிபரப்பு ஊர்தியின் சிற்றறைக்கென அமைந்த அதன் உணர்திறன் சுமார் 83 டெசிபல். அமெரிக்கப் பொறியாளர் பால் கிளிப்ஷ் 1957இல் கொணர்ந்த ஹெரசி என்னும் கொம்புவகைப் பெட்டியின் உணர்திறனோ சுமார் 96 டெசிபல். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள 13 டெசிபலை ஈடுசெய்ய ஏறத்தாழ 20 மடங்கு மின்னாற்றல் வேண்டும். சிற்றறையில் கோலோச்சும் பெட்டி பெரிய கூடத்தில் திணறும் என்பதை இதனால் உணரலாம்.

நாம் கண்ட அளவில், பெரிய கூடத்திற்கு 88 டெசிபலுக்குக் குறையாத உணர்திறனும், 8 அங்குலத்திற்குக் குறையாத வூஃபரும் உடைய இணையே தக்கது. பின்புறத் தகட்டில் 'ஓம்' அளவையும் காண்க. 8 ஓம் பெட்டி பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஏற்றது. 4 ஓம் பெட்டி மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். அதனைத் தாங்குவதற்கென அமையாத ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் பழுதாகக்கூடும்.

வாங்குமுன் ஆராய்க

பழம்பொருள் வாங்கச் செல்வோர் பையில் வைத்திருக்கவேண்டியவை ஐந்து: 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, இரு துண்டு ஒயர், ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் விளக்கு, நன்கு பழகிய ஒருவரின் பேச்சுப் பதிவு.

முதலாவதாக, வூஃபரின் கூம்பைச் சட்டத்துடன் இணைக்கும் விளிம்பு வளையத்தைப் பார்க்கவேண்டும். அது நுரைப்பஞ்சாயின் 10 முதல் 20 ஆண்டுகளுள் உளுத்துப் பொடியாகும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதனை இன்னும் விரைவுபடுத்தும். ரப்பர் வளையமும் பதப்படுத்திய துணி வளையமும் நெடுநாள் உழைக்கும். நுரை உளுத்தமை கண்டு அஞ்சவேண்டா. கைதேர்ந்த மெக்கானிக் புது வளையம் ஒட்டித் தருவார். அதற்கான செலவை விலையில் குறைத்துக் கேட்கவேண்டும், அவ்வளவே.

இரண்டாவதாக, விரல்களைக் கூம்பின் நடுவைச் சுற்றிப் பரப்பி மெல்ல உள்ளே அழுத்துக. உராயும் ஓசை கேட்பின், உள்ளிருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசுகின்றது என்று பொருள். அதனை வாங்காதிருத்தல் நலம்.

மூன்றாவதாக, பேட்டரியைக் கணப்பொழுது ஒயரால் தொட்டுக் காட்டுக. இரு பெட்டிகளின் வூஃபர்களும் ஒரே திசையில் அசையவேண்டும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் சென்றால், உள்ளே இணைப்பு மாறியுள்ளது. அந்நிலையில் அடித்தள ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரலும் இடமற்று மிதக்கும்.

நான்காவதாக, மல்டிமீட்டரை வைத்தால் 8 ஓம் பெட்டி பொதுவாக 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். எண்ணே தோன்றாவிடில் சுருள் அறுந்திருக்கலாம்.

ஐந்தாவதாக, பெட்டியின் அடிப்பகுதியை டார்ச் ஒளியில் காண்க. மரத்தூள் பலகை ஈரத்தில் ஊதிப் பிளந்திருக்கலாம். கறையான் புகுந்திருக்கவும் கூடும். பல பத்தாண்டுகள் கடந்த பெட்டியாயின், உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உலர்ந்திருக்கலாம். அவற்றை மாற்றப் பெருஞ்செலவு ஆகாது.

இறுதியாக, ட்வீட்டர். இதில் நாம் ஏமாந்த கதையை மறைக்காமல் கூறுகின்றோம். முதலில் ஒரு கடையில் 4,000 ரூபாய்க்கு ஓர் இணை வாங்கினோம். கடைக்காரர் முரசு அதிரும் பாடலொன்றை ஒலிக்கச் செய்தார். நாமும் நெஞ்சதிர மகிழ்ந்தோம். கூடத்தில் வைத்துப் பேச்சை ஒலிக்கச் செய்தபோதுதான், இரு ட்வீட்டர்களும் எரிந்துபோனவை என்பது தெரிந்தது. சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது ஒலியலை சிதைந்து ட்வீட்டரை எரித்துவிடும். பேச்சில் உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அமைகின்றது. மெய்யொலிகளைப் பிரித்தறியும் தெளிவோ பெரிதும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் உள்ளது. ட்வீட்டர் அழிந்த பெட்டியில் முழக்கம் இருக்கும், எழுத்து இராது. ஆதலால் ஒவ்வொரு ட்வீட்டரிடத்தும் செவியை வைத்துத் தனித்தனியே கேட்டறிக. சோதனைக்குப் பேச்சையோ, நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) போன்ற கணீர்க்குரலோர் பாடலையோ கொள்க. முரசொலியை மட்டும் நம்பற்க.

கூடமும் ஒரு கருவியே

நல்ல பெட்டி வாய்த்தாலும் கூடம் கெடுத்துவிடும். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் சொற்பொழிவு அறையில் பேச்சு விளங்கவில்லை என்ற குறை எழுந்தது. அதனைத் தீர்க்கும் பணி வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் மற்றோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து அறையில் அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கூடத்தின் கன அளவை மீட்டர் கணக்கில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் அந்நேரம் கிடைக்கும் என்பதே அவர் ஆய்வால் அமைந்த வாய்பாடு.

நம் கூடம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். கன அளவு 384. சிமென்ட் சுவரும் வெறுந்தரையுமாக இருந்தபோது உறிஞ்சும் பரப்பைத் தோராயமாக 25 சதுர மீட்டர் எனக் கொண்டால், ஒலி அடங்க ஏறத்தாழ 2.5 விநாடி ஆகும். அதற்குள் ஆசிரியர் பல அசைகளை மொழிந்துவிடுவார். முன் சொன்ன அசையின் எதிரொலி பின் சொன்ன அசையை மூடிவிடும். மாணவர் 50 பேர் அமர்ந்தால் இது 1.3 விநாடியளவுக்குக் குறையும். தடித்த திரையும் ஜமக்காளமும் சேர்ந்தால் 1 விநாடியை நெருங்கும். பேச்சுக்கு அதுவே ஏற்றது. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் உடன் கூடுமாதலின், குமிழைத் திருகுவது இதற்கு மருந்தாகாது.

பெட்டிகளை மூலையில் ஒடுக்கி வைத்தால் அடித்தள ஒலி மிகுந்து சொல்லை விழுங்கும். சுவரினின்று சற்று விலக்கி வைக்கவேண்டும். ட்வீட்டரின் ஒலி விளக்கொளிபோல் நேரே செல்வது. எனவே அமர்ந்தோர் தலைக்கு மேலான உயரத்தில், கடைசி வரிசையை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தல் வேண்டும்.

நிறைவாக

முதல் இழப்புப் போக எஞ்சியது 11,000 ரூபாய். இம்முறை பையோடு சென்றோம். 10 அங்குல வூஃபரும் 90 டெசிபல் உணர்திறனும் உடைய 8 ஓம் இணையொன்று, நுரை உளுத்த நிலையில் 7,500 ரூபாய்க்குக் கிடைத்தது. புது வளையம் ஒட்ட 1,600 ஆயிற்று. மீதி 1,900 ரூபாய் பழைய திரைகளுக்கும் ஜமக்காளங்களுக்கும் சென்றது. அந்த 1,900 ரூபாய் செய்த நன்மை, பெட்டிகள் செய்த நன்மைக்குக் குறைந்ததன்று.

அதே ஒலிநாடாவை அதே கூடத்தில் மீண்டும் ஒலிக்கச் செய்தோம். அம்மாணவரை அவருடைய பழைய இடத்திலேயே அமரச் செய்தோம். நாடா முடிந்ததும் அவர் ஒன்றும் கூறாது குறிப்பேட்டைக் கொணர்ந்து நீட்டினார். 'ழா' அடிக்கப்பட்டு, மேலே 'ளா' எழுதப்பட்டிருந்தது.

மாணவச் செல்வங்களே, பெரியோர்களே! பரண்களில் உறங்கும் பெட்டிகளையும் பேழைகளில் உறங்கும் ஒலிநாடாக்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நுரை உளுப்பதுபோல நாடாவும் காலத்தால் நலியும். நுரைக்கு மாற்று உண்டு. அந்நாடாக்களில் பேசுவோருக்கு மாற்று இல்லை. அவர்தம் குரல் கடைசி வரிசைக்கும் பழுதின்றிச் சென்று சேருமாறு செய்தல் நம் கடனாகும்.