அறைக்குள் இருப்பவரைக் கேட்டீர்களா?

சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் பட்டாசு ஆலை வெடிக்கும்போதெல்லாம் தேசம் முழுவதும் சில நாள் பரிதாபம் பேசுகிறது; பிறகு மறந்துவிடுகிறது. 2012-ம் வருஷம் செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த கோரங்களை விருதுநகர் ஜில்லாவாசிகள் மறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லும் காலம் வந்திருப்பதால், மருந்து அறைகளையும் யந்திரக் கண்ணே காவல் காக்கட்டும் என்ற யோசனை எழுவது இயல்பு. அந்த யோசனையை நாம் இகழவில்லை. ஆனால், யந்திரத்தை அமைப்பவர் யாரைக் கேட்டு அமைப்பார் என்பது தெரியாமல் அதனை வரவேற்க நாம் தயாராயில்லை.

யந்திரத்தின் மூளையை வளர்ப்போர் ஒரு சாரார். அதன் முன்னே உட்காரும் மனிதனின் கண்ணையும், கையையும், பழக்கத்தையும், பயத்தையும் ஆராய்வோர் மற்றொரு சாரார். மனிதனும் கணினியும் பழகும் விதம் பற்றிய இந்த இரண்டாவது சாஸ்திரத்திற்குப் பணமும் கீர்த்தியும் குறைவு. எனினும் முதல் சாராரின் தவறுகள் வெளிப்படுவது இவர்களிடத்தில்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நீரிழிவு நோயால் கண் கெடுவதைப் படம் பார்த்துச் சொல்லும் யந்திரம் ஒன்றைக் கூகிள் கம்பெனியார் செய்து, 2016-ல் அதன் திறமையை வெளியிட்டார்கள். 1,28,000-க்கு மேற்பட்ட கண் படங்களைக் கொண்டு அது பயிற்றப்பட்டது. விருதுநகருக்கு அண்மையிலுள்ள மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் அம்முயற்சியில் பங்கு கொண்டது. யந்திரம் வைத்தியர்களுக்கு நிகராகத் தேறிற்று. பிறகு அதே கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் தாய்லாந்தில் 11 சிகிச்சை நிலையங்களுக்குச் சென்று, அங்கே நர்ஸுகள் அதைக் கையாளும் விதத்தைப் பார்த்து 2020-ல் எழுதினார்கள். 1,838 படங்களில் நூற்றுக்கு 21 வீதம் யந்திரத்தால் தள்ளப்பட்டன. காரணம் என்ன? இருட்டறை இல்லாத நிலையங்களில் படம் தெளிவாக விழவில்லை. இணையத் தொடர்பின் தாமதத்தால் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். யந்திரத்தின் மூளையில் குற்றமில்லை. அது எந்த அறையில் வைக்கப்படும் என்பதை எவரும் முன்னதாக யோசிக்கவில்லை என்பதே குற்றம்.

நமது தமிழ் நாட்டிலேயே இதற்கு எதிரான முறை ஒன்று முன்பே கையாளப்பட்டது. 2005-ஐ ஒட்டிய வருஷங்களில், பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சேர்ந்த மேடலைன் பிளாஷே என்ற அம்மையாரும் அவரது துணைவர்களும், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாருடன் சேர்ந்து, எழுத்தறியாத குடியானவரும் தமிழில் பேசி விவசாயச் செய்தி பெறத்தக்க கருவி ஒன்றை அமைக்க முயன்றார்கள். அவர்கள் நகரத்தில் படித்தவரின் குரலைப் பதிந்து யந்திரத்திற்குப் புகட்டவில்லை. கிராமங்களுக்கே போய், ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறுவதைக் கேட்டு, கருவி எப்படி இருக்கவேண்டுமென்று விசாரிக்கும் வேளையிலேயே குரல்களையும் சேகரித்தார்கள். சில சொற்களை மட்டும் அறிந்தால் போதும் என்று யந்திரத்தின் கல்வியையும் சுருக்கினார்கள். மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி யந்திரத்தின் மூளையையே திருத்தி அமைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்கு வேண்டியதில்லை.

இனி சிவகாசிக்குத் திரும்புவோம். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது பட்டாசு ஆலைகளின் விதி. கூரையில் ஒரு கேமராவை வைத்தால் அது தலைகளை எண்ணிவிடும். (தலை எண்ணுவதற்கு நுண்ணறிவு எதற்கு, நேர்மையான பரிசோதகர் ஒருவர் போதாதா என்று கேட்பவருக்கு நம்மிடம் பதில் இல்லை.) ஆனால், நேற்றுக் கலந்து மீந்த மருந்து மூலையில் இருப்பதைக் கேமரா அறியுமா? பேன்சி ரகத்து மணிமருந்தின் பதம் இன்று மாறியிருப்பதை அறியுமா? அவற்றை அறிந்தவள், எண்ணிக்கைக் கூலிக்காகக் கை ஓயாமல் வேலை செய்யும் பெண். எச்சரிக்கை மணி அடிக்கடி வீணாக ஒலித்தால் அவளுக்குக் கூலி நஷ்டம். பத்தாம் தடவை எவரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள், பதினோராம் தடவை கம்பியைக் கழற்றிவிடுவார்கள். வைத்தியசாலைகளில் மணியோசைக்குக் காது மரத்துப்போவதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பது பட்டாசு அறைக்கும் பொருந்தும்.

அந்தச் சாஸ்திரத்தில் ஒரு மலிவான உபாயமும் உண்டு. யந்திரம் செய்யுமுன், திரைக்குப் பின்னே ஒரு மனிதனை உட்காரவைத்து, யந்திரம் பேசுவதுபோல் அவனைப் பேசச் செய்து, ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. அனுபவமுள்ள போர்மேன் ஒருவரை ஒரு மாதம் அவ்விதம் அமர்த்தி, மருந்தில்லாத மாதிரி அறையொன்றில் சோதித்தால், லட்சக்கணக்கில் செலவிட்டுப் பிறகு வருந்த நேராது. 1922 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தாவுக்கே போனார்கள். தொழில் நடக்கும் இடத்திலேயே தொழிலைக் கற்பது சிவகாசிக்குப் புதிதல்ல.

மற்றொரு விஷயமும் பாக்கியிருக்கிறது. ஆபத்தைக் கண்ட யந்திரம் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? முதலாளியின் ஆபீஸிலா, வெடிபொருள் இலாகாவிலா, அறைக்குள் இருப்பவளிடமா? முதலாளிக்கு மட்டும் சொல்லும் யந்திரம், தொழிலாளியின் கண்ணுக்குக் காவலனாகத் தோன்றாது, வேவுகாரனாகத் தோன்றும். முதல் கேமராவுக்கு விலை பேசுமுன் அவளிடமே இதைக் கேட்கட்டும். வேலை முடிந்து அவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாலை நேரம் அதற்குப் போதும்.