அளவுகோலின் குறை: உளவியல் கோட்பாடுகளில் ஆண்சார்பு

மேய்ப்புப்பணியில் ஆற்றுப்படுத்துதல் ஒரு தனிப் பயிற்சியாக இடம்பெற்ற நாள் முதல், உளவியல் இறையியல் மாணவர்க்கு இன்றியமையாத துணையாகிவிட்டது. பிராய்ட், எரிக்சன், கோல்பர்க் ஆகியோரின் கருத்துகள் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. துயருற்றோர் நாடிவரும் ஆயரின் அறைக்குள்ளும் அவை நுழைகின்றன. முதிர்ச்சியுற்ற மனிதர் எத்தகையவர் என்பதை அவை வரையறுக்கின்றன. அவ்வரையறை யாரைக் கண்டு எழுதப்பட்டது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

1. ஆணே மனிதன் என்னும் முற்கோள்

ஆண், பெண் ஆகியோரின் உடல் வேறுபாடு மனத்தில் தோற்றுவிக்கும் விளைவுகளைப் பற்றிச் சிக்மண்ட் பிராய்ட் 1925இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணின் மனச்சான்று ஆணின் மனச்சான்றைப்போல் உணர்ச்சியினின்று விடுபட்டு நிற்பதில்லை என்றும், அவளது நீதியுணர்வு குன்றியது என்றும் அதில் அவர் கருதினார். இங்கு ஆண் வளரும் வழியே இயல்பான வழி; பெண் அதனின்று வழுவியவள். மறு ஆண்டிலேயே கேரன் ஹார்னி என்னும் பெண் மருத்துவர் இதனை மறுத்தெழுதினார். பெண்ணைப் பற்றி உளப்பகுப்பாய்வு தீட்டிய சித்திரம், சிறுமியைப் பற்றிச் சிறுவன் கொண்டிருக்கும் எண்ணத்தையே ஒத்திருக்கிறது என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இம்முற்கோள் பிராய்டோடு மறைந்துவிடவில்லை. 1970இல் இங்கே பிராவர்மனும் அவருடன் பணியாற்றியோரும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனநல மருத்துவம் சார்ந்த பணிகளில் ஈடுபட்டிருந்த 79 பேர் அதில் பங்குபெற்றனர். அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, மனநலமுள்ள ஆண், மனநலமுள்ள பெண், பால் குறிப்பிடப்படாத மனநலமுள்ள வயதுவந்தவர் ஆகியோரின் பண்புகளை முறையே விவரிக்குமாறு கேட்கப்பட்டனர். ஆணைப் பற்றிய விவரிப்பும் வயதுவந்தவரைப் பற்றிய விவரிப்பும் பெரிதும் ஒத்திருந்தன. பெண்ணோ அடங்கிப்போகிறவளாகவும், எளிதில் பிறர் சொல்லுக்கு இணங்குகிறவளாகவும், தன்னுரிமை குன்றியவளாகவும் விவரிக்கப்பட்டாள். எனவே நல்ல பெண்ணாக இருப்பவள் முழு மனிதராகக் கருதப்படாள். முழு மனிதராக விளங்குபவள் நல்ல பெண்ணாகக் கருதப்படாள். அந்த 79 பேரில் 33 பேர் பெண்களே என்பதும் நோக்கத்தக்கது. சார்பு என்பது ஆண்களின் தனிப்பட்ட தீய எண்ணம் அன்று; ஒரு துறை முழுவதும் கற்றுக்கொண்ட பார்வையாகும்.

2. கோல்பர்க்கின் படிநிலைகள்

லாரன்ஸ் கோல்பர்க் அறநெறித் தீர்ப்பின் வளர்ச்சியை ஆறு படிநிலைகளாக வகுத்தார். அதற்கு அடிப்படையான 1958ஆம் ஆண்டு ஆய்வில் அவர் சிறுவரை மட்டுமே வினவினார். சிறுமியர் ஒருவரும் அதில் இல்லை. பிறர்க்கு நல்லவராக விளங்குதலும் உறவைப் பேணுதலும் மூன்றாம் படியில் வைக்கப்பட்டன. சட்டமும் பொதுக் கொள்கைகளும் அதற்கு மேற்பட்ட படிகளில் இடம்பெற்றன. பின்னர் இதே அளவுகோலால் அளக்கப்பட்டபோது, பெண்கள் பலர் மூன்றாம் படியில் நின்றுவிடுவதாகச் சில ஆய்வுகள் கூறின.

கேரல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட நூலில் இதனை வினவினார். சாகும் தறுவாயிலுள்ள மனைவிக்காக, விலை கொடுக்க இயலாத கணவன் மருந்தைத் திருடலாமா என்பது கோல்பர்க் பயன்படுத்திய சிக்கல்களுள் ஒன்று. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன், உடைமையைவிட உயிரே மேலானது, ஆகவே திருடலாம் என்றான். அதே வயதுச் சிறுமியோ, அவன் சிறை சென்றால் மனைவியை யார் கவனிப்பார் என்று எண்ணி, மருந்துக் கடைக்காரரிடம் பேசி வேறு வழி காணவேண்டும் என்றாள். அளவுகோல் அவளைச் சிறுவனுக்கு ஒரு படி கீழே வைத்தது. அவள் சிந்திக்கத் தவறவில்லை. கேட்கப்பட்ட வினாவைவிட விரிந்த ஒரு வினாவுக்கு விடை தேடினாள் என்பதே கில்லிகனின் விளக்கம்.

3. மறுபக்கத்துப் பிழை

ஆயினும் கில்லிகனை அப்படியே ஏற்பதும் தகாது. கருக்கலைப்பைப் பற்றி முடிவுசெய்ய வேண்டியிருந்த 29 பெண்களிடம் அவர் நடத்திய ஆய்வில் ஆண்கள் இடம்பெறவில்லை. அதைக் கொண்டு இரு பாலாரின் வேறுபாட்டை நிறுவ இயலாது. 1984இல் லாரன்ஸ் வாக்கர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். கோல்பர்க்கின் அளவுகோலிலேயே பாலார் வேறுபாடு பெரும்பாலும் காணப்படவில்லை என்றும், காணப்பட்ட இடங்களில் கல்வி, தொழில் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வும் கலந்திருந்தது என்றும் அவர் காட்டினார். 2005இல் ஜேனட் ஹைட் 46 தொகுப்பாய்வுகளை ஆராய்ந்தபோது, உளவியல் பண்புகளில் கண்ட பாலார் வேறுபாடுகளுள் 78 விழுக்காடு மிகச் சிறியவையாக அல்லது இல்லை எனத்தக்கவையாக இருந்தன.

ஆகவே பிழை இருவகைப்படும். ஆணைக் கண்டு வகுத்ததை எல்லார்க்கும் பொதுவாக்கி வேறுபாட்டை மறைப்பது ஒன்று. பெண்ணுக்கென ஓர் இயல்பைப் படைத்து வேறுபாட்டைப் பெருக்குவது மற்றொன்று. ரேச்சல் ஹேர்-மஸ்டின், ஜீன் மாரெசெக் ஆகியோர் 1988இல் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினர்.

4. ஆற்றுப்படுத்துவோர்க்கு

இவ்விரு பிழைகளும் எளியோர் வாழ்வைத் தாக்குவன. கணவனால் அடிக்கப்படும் ஒரு பெண், "நான் வெளியேறினால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?" என்று ஆயரிடம் கேட்கிறாள் எனக் கொள்வோம். முதற் பிழைக்கு ஆட்பட்டவர் அதனை முடிவெடுக்க இயலாத முதிராமை என்பார். இரண்டாம் பிழைக்கு ஆட்பட்டவர், பரிவும் பொறுமையும் பெண்ணின் இயல்பு என்று கூறி அவளை அவ்வீட்டிற்கே திருப்பி அனுப்புவார். இருவரும் அவள் கேட்டதைக் கேளாமற்போகின்றனர். அவளது வினா, தன் பாதுகாப்பையும் பிள்ளைகளின் பாதுகாப்பையும் ஒருசேர நாடும் தெளிந்த அறநெறி வினாவாகும்.

ஜேம்ஸ் பவுலர் 1981இல் வெளியிட்ட விசுவாச வளர்ச்சிப் படிநிலைகளும் கோல்பர்க்கின் அமைப்பைத் தழுவியவை. ஆதலின் இவ்வெச்சரிக்கை சமயக் கல்விக்கும் பொருந்தும். எக்கோட்பாட்டைக் கையாளுமுன்னும் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம்: இது யாரை வினவி வகுக்கப்பட்டது? எதனை உயர்ந்த படி என்கிறது, ஏன்? இதில் இடம்பெறாதவர் யார்? உளவியலைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. அதன் பிழைகளை வெளிப்படுத்தியதும் உளவியல் ஆய்வே. எனினும் நம் முன் அமர்ந்திருப்பவரின் சொல்லைக் கோட்பாட்டிற்குள் அடக்குமுன், அச்சொல்லை முழுதும் கேட்பது நம் கடமை.