உரிமையும் குரலும்: பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’ திரைப்பாடலான வரலாறு

தமிழில் மக்களிடையே பரவலாக வழங்கும் பாடல்களுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் பெரும்பாலும் மெட்டமைப்பையோ பாடலாசிரியரின் சொல்லாட்சியையோ கருத்தில் கொள்கின்றனர். ஒரு பாடலை ஒலிப்பதிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது, அப்பாடல் யாருடைய குரலாகத் திரையில் வெளிப்பட்டது என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பாரதியாரின் ‘சுதந்திரப் பள்ளு’ இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புகிறது.

பாரதியார் 1921இல் மறைந்தார். அதன்பின் அவருடைய பாடல்களை அச்சிடும் உரிமையும் ஒலிப்பதிவு செய்யும் உரிமையும் வெவ்வேறு கைகளுக்குச் சென்றன. பின்னதை இசைத்தட்டு வணிகரான ஜேசிங்லால் மேத்தாவிடமிருந்து ஏ.வி. மெய்யப்பன் வாங்கினார். காரைக்குடியில் அவர் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் உருவான ‘நாம் இருவர்’ 1947 சனவரியில் வெளிவந்தது. ஆர். சுதர்சனத்தின் இசையில் டி.கே. பட்டம்மாள் ‘சுதந்திரப் பள்ளு’வைப் பாட, சிறுமி கமலா அதற்கு ஆடினார். விடுதலை கைகூடிவிட்டதாகக் களிக்கும் பாடல் அது. ஆனால் எழுதப்பட்டபோதும் விடுதலை வந்திருக்கவில்லை, திரையில் ஒலித்தபோதும் வந்திருக்கவில்லை. ஏழு மாதங்கள் கழித்துப் பாடலின் பொருள் நடப்புச் செய்தியாயிற்று.

உரிமைச் சிக்கல் அடுத்த ஆண்டே வெளிப்பட்டது. டி.கே. சண்முகம் நடித்த ‘பில்ஹணன்’ (1948) படத்தில் கண்ணன் பாட்டிலிருந்து ஒரு பாடல் இடம்பெற்றதை எதிர்த்து மெய்யப்பன் தரப்பு வழக்குத் தொடுத்தது. கண்ணனைக் காதலனாகப் பாடிய பாட்டுக்கு உரிமையாளர் யார் என நீதிமன்றத்தில் வினவ நேர்ந்ததை அன்றைய எழுத்தாளர்கள் பலரால் ஏற்க இயலவில்லை. பாரதி படைப்புகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949 மார்ச்சில் உரிமைகளை ஏற்பதாக அறிவித்தது. மெய்யப்பன் தம் உரிமையை விலை பெறாமலே அளித்தார். வழக்கைத் தொடுத்தவர் என்பதற்காக மட்டும் அவரை நினைவுகூர்வது முறையன்று.

சட்டம் தொடர்பான பகுதி இவ்வளவில் முடிகிறது. குரல் பற்றிய வினா அத்துணை எளிதில் தீர்வதன்று. பாரதியார் நூலில் இப்பாடலின் தலைப்பை அடுத்துப் ‘பள்ளர் களியாட்டம்’ என்னும் குறிப்பு உள்ளது. முக்கூடற்பள்ளு முதலிய சிற்றிலக்கியங்களில் பள்ளன் பண்ணைக்காரனுக்குக் கட்டுப்பட்டவன். அவனுடைய இரு மனைவியரின் ஏசலும் பண்ணைக்காரன் அவனுக்குத் தரும் தண்டனையும் அவ்விலக்கியத்தின் சுவைக்கூறுகள். பாரதியார் அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு பண்ணைக்காரனை நீக்கிவிட்டார். நகைப்புக்கும் தண்டனைக்கும் உரியவனாக இருந்தவனே விடுதலையைக் கொண்டாடுபவனாகிறான். மேல்சாதியாரையும் வெள்ளையரையும் உயர்த்தி விளிக்கும் காலம் போயிற்று என அவன் வாயிலாகக் கூறும்போதுதான் அக்கூற்று முழு வலிமை பெறுகிறது. திரையில் கர்நாடக இசை மேடையில் புகழ்பெற்ற குரலும் பயிற்சி பெற்ற நடனமும் அவ்விடத்தை நிரப்பின. சொற்கள் ஒலித்தன, சொல்பவன் மறைந்தான். இதைத் திரைப்படத்தின் குறை எனக் கொள்வதற்கில்லை. அச்சில் மட்டும் இருந்திருப்பின் எழுத்தறியாத பல்லாயிரவரை அப்பாடல் அந்நாளில் எட்டியிராது. ஆயினும் அந்தப் பரவலுக்குக் கொடுத்த விலை இது.

உரிமை பொதுவான பின் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘ஏழாவது மனிதன்’ (1982) முதலிய படங்கள் பாரதி பாடல்களைத் தத்தம் போக்கில் கையாண்டன. ‘சுதந்திரப் பள்ளு’வுக்கோ பட்டம்மாளின் மெட்டே நிலைத்துவிட்டது. நூலில் வராளி இராகம், ஆதி தாளம் எனக் குறிக்கப்பட்டிருப்பதை இன்று எண்ணிப்பார்ப்பவர் சிலரே. பள்ளி ஆண்டு விழாக்களில் இப்பாடலைக் கேட்டு வளர்ந்த இக்கட்டுரையாளரும் ‘பள்ளர் களியாட்டம்’ என்னும் குறிப்பை முனைவர் பட்ட ஆய்வுக்காக நூலைப் புரட்டியபோதுதான் முதன்முதலாகக் கண்டார்.