சுவடளவுப் பாதரச அளவீடு

சுவடளவுப் பாதரச அளவீடு என்பது நீர், மண், காற்று, உயிரினங்கள் ஆகியவற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள பாதரசத்தைக் கண்டறிந்து அளவிடும் வேதிப் பகுப்பாய்வு ஆகும். நீரில் உள்ள பாதரசம் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் என்பது ஏறத்தாழ இலட்சம் கோடியில் ஒரு பங்கு ஆகும். தமிழ்நாட்டில் இவ்வளவீட்டின் தேவையை உணர்த்திய நிகழ்வு கொடைக்கானல் பாதரச மாசு ஆகும்.

பின்னணி

கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டி இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை இயங்கி வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் ஊரிலுள்ள பழைய பொருள் கிடங்கில் இருப்பது 2001 மார்ச்சில் வெளிப்பட்டது. மக்களின் போராட்டத்தைத் தொடர்ந்து அதே ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003 இல் கழிவுகளின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆயினும் மண்ணிலும் நீரிலும் எவ்வளவு பாதரசம் எஞ்சியுள்ளது என்ற கேள்விக்கு ஆய்வகமே விடையளிக்க வேண்டியிருந்தது.

மாதிரி சேகரிப்பு

பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகக்கூடியது. சாதாரண நெகிழிப் புட்டிகளின் சுவர்களில் அது ஒட்டிக்கொள்ளும். சுவரை ஊடுருவியும் செல்லும். எனவே அமிலத்தால் கழுவிய கண்ணாடி அல்லது டெஃப்லான் புட்டிகளில் நீர் சேகரிக்கப்பட்டு, அமிலம் சேர்த்துப் பாதுகாக்கப்படுகிறது. ஆய்வகத்தில் என்றோ உடைந்த ஒரு வெப்பமானியின் ஆவியே முடிவைப் பிழையாக்கப் போதுமானது.

குளிர் ஆவி முறை

குளிர் ஆவி அணு உறிஞ்சல் நிறமாலையியல் பரவலாகப் பயன்படும் முறையாகும். இதன் படிகள் பின்வருமாறு:

1. மாதிரி, நைத்திரிக் அமிலம் போன்ற வலிய அமிலங்களாலும் ஆக்சிசனேற்றிகளாலும் செரிக்கப்படுகிறது. பாதரசம் முழுவதும் அயனி வடிவத்தை அடைகிறது.
2. ஸ்டேனஸ் குளோரைடு சேர்க்கப்பட்டு, அயனிகள் தனிம நிலைப் பாதரசமாக ஒடுக்கப்படுகின்றன.
3. கரைசலினூடே வளிமம் செலுத்தப்பட்டு, பாதரச ஆவி ஒரு குழாய்க்குள் கொண்டு செல்லப்படுகிறது.
4. பாதரச விளக்கிலிருந்து வரும் 253.7 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளி குழாயினூடே செலுத்தப்படுகிறது. உறிஞ்சப்பட்ட ஒளியின் அளவு, செறிவு தெரிந்த கரைசல்களின் அளவுகளுடன் ஒப்பிடப்படுகிறது.

பாதரச ஆவி தனித்தனி அணுக்களாகவே இருப்பதால், பிற உலோகங்களுக்குத் தேவைப்படும் சுடர் இங்குத் தேவையில்லை. இதனாலேயே இது 'குளிர்' முறை எனப்படுகிறது. மேலும் குறைந்த அளவுகளை அளக்க, ஆவி முதலில் பொன்னின் மீது இரசக்கலவையாகச் சேர்க்கப்பட்டுப் பின்னர் சூடாக்கி வெளியேற்றப்படுகிறது.

சரிபார்ப்பு

மாதிரி இல்லாமல் வேதிப்பொருட்களை மட்டும் கொண்டு அதே படிகள் செய்யப்படும். இது வெற்றுச் சோதனை எனப்படும். தெரிந்த அளவு பாதரசத்தை மாதிரியில் சேர்த்து, அது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பார்க்கப்படும். இவ்விரண்டும் இன்றி வெளியிடப்படும் எண்ணை நம்புவது கடினம்.

கண்டறியும் வரம்பு

ஒரு கருவி நம்பகமாக உணரக்கூடிய மிகக்குறைந்த அளவு கண்டறியும் வரம்பு ஆகும். அறிக்கையில் காணப்படும் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல், பாதரசம் இல்லை என்று பொருள்படாது. அது இந்த வரம்புக்குக் கீழே உள்ளது என்பதையே குறிக்கும்.

அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருப்பதாகக் குறிப்பிட்டனர். ஒப்பீட்டுக்காக எடுத்த பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரில் இது கணிசமாகக் குறைவாக இருந்தது. இந்தியக் குடிநீர்த் தர வரம்பு லிட்டருக்கு 1000 நானோகிராம் ஆகும். அதாவது, அவ்வரம்பை மட்டுமே எட்டக்கூடிய கருவி கொடைக்கானல் நீரில் எதையும் கண்டிருக்காது.

குடிநீர் வரம்புக்குள் இருப்பதால் ஏரி மாசற்றது என்றும் கொள்ள இயலாது. அந்நீரில் சுமார் 50 நானோகிராம் மெத்தில் பாதரச வடிவில் இருந்தது. இவ்வடிவம் மீன்களில் திரண்டு, உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவு மிகும். 1956 இல் ஜப்பானில் அறியப்பட்ட மினமாட்டா நோய்க்குக் காரணம் இதுவே. குளிர் ஆவி முறை மொத்தப் பாதரசத்தையே தருவதால், மெத்தில் பாதரசத்தை அளக்க அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

மண்ணின் வரம்பு குறித்த கருத்து வேறுபாடு

தொழிற்சாலை வளாக மண்ணைத் தூய்மைப்படுத்த, கிலோகிராமுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு ஏற்கப்பட்டது. சோலைக்காட்டையொட்டிய இடத்துக்கு இது போதாது என்றும், இதைவிட மிகக் கடுமையான வரம்பு வேண்டும் என்றும் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். மண்ணில் எவ்வளவு பாதரசம் உள்ளது என்பதைக் கருவி கூறும். எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

பாதரசம்
மினமாட்டா நோய்
கொடைக்கானல்