சிங்கிள் பேரன்ட் ஊழியரின் பணக் கஷ்டம்: சட்டம் எதுவரை வரும், அலுவலகம் என்ன செய்யலாம்?

மாதம் 22-ம் தேதி. காலை 11.40-க்கு ஸ்கூலில் இருந்து போன்: "குழந்தைக்கு உடம்பு சுடுது, வந்து கூட்டிட்டுப் போங்க." வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள் என்றால் அடுத்த பேச்சு, "நீ போறியா, நான் போகட்டுமா?" என்பதுதான். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. போக வேண்டியவரும் அவர்தான், சம்பளம் பிடிக்கப்படுவதும் அவருக்குத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளம் 24,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 800. லீவு எல்லாம் தீர்ந்துவிட்ட நிலையில் மூன்று நாள் வீட்டில் இருந்தால் 2,400 ரூபாய் லாஸ் ஆஃப் பே. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர்களுக்கு மட்டும் 1,000 ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ் என்று இருந்தால் அதுவும் போச்சு. டாக்டர் ஃபீஸ், மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,500. ஆக, ஒரு சாதாரண வைரல் காய்ச்சலின் விலை 4,900 ரூபாய். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு!

இந்தப் பிரச்சினையை "சம்பளம் பத்தலை" என்று சுருக்கிவிடுவது வழக்கம். பத்தாதுதான். ஆனால் அதே சம்பளம் வாங்கும் பக்கத்து சீட்டுக்காரர் சமாளிக்கிறார். அவர் வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது, அல்லது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இருக்கிறார். தனியாக இருப்பவருக்கு இரண்டுமே இல்லை என்பதால் ஒரு நாள் தடங்கல்கூட நேராகப் பர்ஸில் கை வைக்கிறது.

ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2019-20 அறிக்கை, இந்தியக் குடும்பங்களில் 4.5 சதவீதம் தாய் மட்டுமே நடத்துபவை என்று மதிப்பிட்டது. அதாவது சுமார் 1.3 கோடி குடும்பங்கள். அவற்றில் 38 சதவீதம் வறுமையில் இருக்கின்றன. பெற்றோர் இருவரும் உள்ள குடும்பங்களில் அது 22.6 சதவீதம். இதில் அம்மா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஒண்டியிருப்பவர்கள் சேரவில்லை. மனைவியை இழந்த, விவாகரத்தான அப்பாக்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

மத்திய அரசு ஊழியர் என்றால் நிலைமை பரவாயில்லை. குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தப் பணிக்காலத்தில் 730 நாட்கள் எடுக்கலாம். முதல் 365 நாட்களுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாட்களுக்கு 80 சதவீதம். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, 18 வயது வரை இது பொருந்தும். மற்ற பெண் ஊழியர்கள் இதை ஆண்டுக்கு மூன்று தவணையாகப் பிரித்து எடுக்கலாம் என்றால், தனித்து வாழும் தாய்க்கு ஆறு தவணை. 2018 டிசம்பரில் இருந்து, திருமணமாகாத, மனைவியை இழந்த, விவாகரத்தான தந்தையருக்கும் இந்த விடுப்பு உண்டு. 'சிங்கிள் பேரன்ட்' என்ற நிலையைப் பெயர் சொல்லி அங்கீகரித்த வெகு சில விதிகளில் இது ஒன்று.

தனியார் துறைக்கு வந்தால் அப்படி எதுவும் கிடையாது. பிரசவத்துக்கு 26 வார விடுப்பு இருக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது உதவாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பார்க்கும் உரிமை பெண்ணுக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. தனியாக வளர்க்கும் அப்பா, மேனேஜரின் மனசைப் பொறுத்துத்தான் போய் வர வேண்டும்.

ஆக, ஐ.டி. கம்பெனி, ஷோரூம், பி.பி.ஓ., தனியார் பள்ளி என்று எங்கே வேலை பார்த்தாலும், சட்டம் விட்ட இடைவெளியை நிரப்பப்போவது ஹெச்.ஆரும் டீம் லீடும்தான்.

அலுவலகம் எங்கே தொடங்கலாம்?

பெரிய நல நிதி, அறக்கட்டளை எல்லாம் அப்புறம். அதிகம் செலவில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: சம்பள முன்பணம். 5,000 ரூபாய் துண்டு விழும்போது அலுவலகம் கொடுக்காவிட்டால், அந்த ஊழியர் போன் எடுத்து லோன் ஆப்பைத் திறப்பார். அங்கே பிராசஸிங் ஃபீஸ் கழித்துக் கைக்கு வருவது ஒரு தொகை, திருப்பிக் கட்டுவது இன்னொரு தொகை. கடன் ஆப்கள் போனில் உள்ள கான்டாக்ட் பட்டியலைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அனுமதி இல்லாத ஆப்கள் அதை எங்கே மதிக்கின்றன? தவணை தவறினால் டீம் லீடுக்கே போன் போகிற கதைகள் உண்டு. (அப்படி மிரட்டல் வந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930.) நிறுவனம் வட்டியில்லாமல் 5,000 கொடுத்து, ஐந்து மாதத்தில் ஆயிரம் ஆயிரமாகப் பிடித்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த மாதமே மொத்தமாகப் பிடித்தால் மட்டும் பிரயோஜனமில்லை. பள்ளம் ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அடுத்தது ஷிஃப்ட். வெளியில் இருந்து பார்த்தால் இது பண விஷயமாகத் தெரியாது. ஆனால் நாளைய ஷிஃப்டை இன்றைக்கு ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கூடுதல் காசு, டியூஷனில் இருந்து கூட்டி வர ஆட்டோ, ராத்திரிச் சாப்பாடு வெளியில் இருந்து என்று ஒரே நாளில் 400, 500 ரூபாய் கரைந்துவிடும். ரோஸ்டரை இரண்டு வாரம் முன்பே கொடுப்பது கிட்டத்தட்ட ஒரு சம்பள உயர்வு. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பெர்மிஷன் எடுத்து இன்னொரு நாள் ஈடுகட்டும் வசதியும் அப்படித்தான். அரை மணி நேர வேலைக்காக அரை நாள் சம்பளத்தை இழக்கத் தேவையில்லை.

ஏப்ரல், மே, ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். போனஸ் வருவதோ தீபாவளிக்கு! கேட்பவருக்கு அதில் ஒரு பகுதியை ஜூனிலேயே முன்பணமாகக் கொடுத்தால் என்ன?

சரி, இதெல்லாம் இருந்தாலும் கேட்க வருவார்களா என்பது வேறு பிரச்சினை. முன்பணம் கேட்டால், "வீட்டுக்காரர் ஒண்ணும் தரதில்லையா?", "இன்னும் கேஸ் முடியலையா?" என்று விசாரணை தொடங்கிவிடும். அதற்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. படிவத்தில் தொகையும் தவணையும் போதும். காரணத்துக்கு 'குடும்பச் செலவு' என்ற இரண்டு வார்த்தை போதும். நல்ல எண்ணத்தில்கூட ஆபீஸ் குரூப்பில் பெயர் போட்டு வசூல் நடத்தாதீர்கள். வாங்கிக்கொண்டவர் மறுநாள் புதுச் செருப்பு போட்டு வந்தாலும் யாராவது கணக்குப் பார்ப்பார்கள்.

கேட்காமல் விடும் பணம்

ஹெச்.ஆர். செய்யக்கூடிய இன்னொரு உதவி, உரிமையுள்ள பணத்தைக் காட்டிக் கொடுப்பது.

கணவரோ மனைவியோ வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால் பலரும் பி.எஃப். தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு ஊழியர் தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கத் தேவையில்லை. ஓய்வூதியத் திட்டத்தில் துணைவருக்கு மாத பென்ஷன் உண்டு, குறைந்தபட்சம் 1,000 ரூபாய். அதுபோக, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை, துணைவர் பென்ஷனில் தலா 25 சதவீதம் தனியாக வரும். இறந்தவர் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு மாதம் பங்களிப்புச் செலுத்தியிருந்தாலே போதும். விண்ணப்பிக்க வேண்டியது 10-டி படிவம்.

பிரிந்து போனவர் பணம் தராவிட்டால், பழைய 125-வது பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்ததில் இருந்து 60 நாட்களுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விண்ணப்பித்த தேதியில் இருந்தே தொகை கணக்காகும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கோர்ட்டில் வாய்தா இழுக்கத்தான் செய்யும். ஆனால் மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வராத மாதம். இதற்காக கோர்ட்டுக்குப் போகும் நாளுக்கு அலுவலகம் பெர்மிஷன் கொடுத்தால், அதுவும் பண உதவிதான்.

மாத வருமானம் மிகக் குறைவானவர்களுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. கணவரை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள் இதில் வருவார்கள். ஆனால் நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000, கிராமத்தில் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதம் 8,000-க்கு மேல் வாங்கும் நகரத்து ஊழியர் இதில் சேரமாட்டார். அலுவலகத்தில் துப்புரவு வேலை, கேன்டீன் வேலை பார்ப்பவர்களில் யாராவது தகுதி பெறலாம். விசாரிக்க வேண்டிய இடம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

கடைசியாக ஒரு ஐந்து நிமிட வேலை. விவாகரத்து ஆன பிறகும் பி.எஃப்., குரூப் இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பழைய நாமினி பெயரே கிடப்பது சகஜம். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். எண்ணைப் போட்டு உள்ளே போனால் இ-நாமினேஷன் பகுதி இருக்கும். பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால், கார்டியன் பெயரும் கேட்கும். அந்தக் கட்டத்தில் யார் பெயரைப் போடுவது என்று அம்மாவிடமோ தம்பியிடமோ முன்பே பேசி வைத்துக்கொண்டு உட்கார்வது நல்லது.